எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை: எதை மாற்றுவது, எதைத் தொடர்வது

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். எடைக்குறைப்பு ஆபரேஷன் என்றால் இந்த மாவட்டத்தில் பலரும் அந்தப் பக்கம்தான் போகிறார்கள். மதுரை, சென்னை என்று போகிறவர்களும் உண்டு. ஆபரேஷன் செய்த டாக்டர் அங்கே. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பார்க்கிற டாக்டர் இங்கே. முட்டுவலிக்கு எண்ணெய் போட்டு உழிகிற வைத்தியர் இன்னொரு ஊரில். மாத்திரை வாங்குவது வீட்டுப் பக்கத்து மெடிக்கலில். இந்த நான்கு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது அபூர்வம்.

அந்த மெடிக்கல் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் 'இதா, அதா' என்ற கேள்விதான். அவற்றில் எனக்குத் தெளிவான அபிப்பிராயம் உள்ளவற்றை எழுதுகிறேன். உங்கள் டாக்டர் காரணம் சொல்லி வேறு மாதிரி எழுதியிருந்தால் அவர் எழுதியதே நடக்கட்டும்.

யார் வந்தாலும் என் முதல் கேள்வி, ஸ்லீவா பைபாஸா என்பது. "லேசர்ல பண்ணினது" என்றுதான் பாதிப்பேர் பதில் சொல்வார்கள். சின்னத் துளை போட்டுச் செய்தார்கள் என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குழாய்போல் விட்டிருக்கிறார்கள். சாப்பாடு போகிற பாதை பழைய பாதைதான். பைபாஸ் என்றால் மேலே சுமார் 30 மில்லி கொள்கிற ஒரு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் முற்பகுதியைத் தாண்டிக் கீழே இணைத்திருக்கிறார்கள். மினி பைபாஸில் பை கொஞ்சம் நீளம், இணைப்பு ஒன்றுதான். மாத்திரை விஷயத்தில் அதுவும் பைபாஸ் கணக்கில்தான் சேரும். இரண்டிலும் அமிலம் குறைகிறது. பைபாஸில் மருந்து உறிஞ்சப்படுகிற தூரமும் குறைகிறது. கீழே வருகிறவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டு காரணங்களிலிருந்துதான்.

முழுசா, பொடியா, சிரப்பா?

முதல் சில வாரங்கள் வீங்கியிருக்கிற பாதையில் பெரிய மாத்திரை சிக்கிக்கொள்ளும். அதனால் பட்டாணியைவிடப் பெரிதான எதையும் முழுசாக விழுங்கவேண்டாம் என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவார்கள். அடுத்து வீட்டில் நடப்பது, எல்லா மாத்திரையையும் சின்ன உரலில் போட்டு நுணுக்குவது. இங்கேதான் நிதானம் வேண்டும்.

அட்டையில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். என்று ஏதாவது எழுத்து இருந்தால் அது மெதுவாகக் கரைகிற மாத்திரை. பன்னிரண்டு மணி நேரத்துக்கோ ஒரு நாளுக்கோ வேண்டிய மருந்து ஒரே மாத்திரையில் இருக்கிறது. நுணுக்கினால் அவ்வளவும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். நுணுக்காமல் முழுசாகப் போட்டால், தூரம் குறைந்துபோன பாதையில் முழுக்கக் கரைவதற்குள் கடந்துபோய்விடலாம். ஆக இந்த வகைக்கு நுணுக்குவதும் தீர்வில்லை, விழுங்குவதும் தீர்வில்லை. அதே மருந்தைச் சாதாரண மாத்திரையாக, நாளைக்கு இரண்டு வேளை மூன்று வேளையாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்பதுதான் வழி. மெட்ஃபார்மின் இதற்கு நல்ல உதாரணம், எஸ்.ஆர். உண்டு, சாதாரணமும் உண்டு. கடைக்காரரே மாற்றிக் கொடுக்கக் கூடாது, டாக்டர்தான் எழுத வேண்டும்.

குடலில் போய்க் கரையட்டும் என்று மேலே பூச்சு போட்ட மாத்திரைகள் இன்னொரு வகை. பான்டோப்ரசோல் அப்படித்தான். உடைத்தால் பூச்சு போய்விடும். அமிலம் பட்டு மருந்தும் வீணாகிவிடும். ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் கேப்சூலாக வருவதைத் திறந்து, உள்ளே இருக்கிற உருண்டைகளை மெல்லாமல் ஒரு ஸ்பூன் மசித்த ஆப்பிளோடு விழுங்கலாம். பைபாஸ் இணைப்பில் புண் வந்தவர்களுக்கு, மூடிய கேப்சூலைவிடத் திறந்து கொடுத்தால் சீக்கிரம் ஆறுகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதனால் முதல் மாதங்களில் வயிற்றுப் புண் தடுப்புக்குக் கேப்சூல்தான் என் தேர்வு. டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

சிரப் எப்படி? குழந்தைகள் சிரப்பில் சர்க்கரை நிறைய. சர்க்கரை இல்லாததில் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கலாம். பைபாஸ் ஆனவர்களுக்கு அது வயிற்றைக் கலக்கி, வியர்த்து, படபடப்பு வரவைக்கும். இரண்டு மூன்று வாரத்துக்குச் சிரப் சரி, அதையே ஆறு மாதம் இழுக்கவேண்டாம். தண்ணீரில் போட்டால் பொங்குகிற மாத்திரைகளை, வாயு முழுவதும் அடங்கிய பிறகு குடித்தால் ஒழிய, தவிர்ப்பது நல்லது.

நுணுக்கலாம் என்று உறுதியான மாத்திரையாக இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொடியாக்காதீர்கள். எது எவ்வளவு உள்ளே போனது, எது உரலிலேயே ஒட்டிக்கொண்டது என்று தெரியாது. ஒவ்வொன்றாக, நடுவில் சில நிமிடம் விட்டு, இரண்டு வாய் தண்ணீரோடு. காலம் போகப் போக முழு மாத்திரைக்கே திரும்பிவிடலாம்.

வலி மாத்திரை

இதில்தான் எனக்குக் கவலை அதிகம். ரப்பர் தோட்டத்தில் ஏறி இறங்குகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், முந்திரி ஆலையில் உட்கார்ந்தே வேலை செய்தவர்கள் என்று முட்டும் இடுப்பும் போன ஊர் இது. எடை குறைந்தால் முட்டுவலி குறையும் என்பதற்காகவே ஆபரேஷனுக்குப் போனவர்களும் உண்டு. எடை குறைய மாதக்கணக்காகும். வலி இன்றைக்கு இருக்கிறது.

"மக்களே, முட்டு வலி தாங்கமுடியல. போன தடவை தந்தியே, அந்தச் செவப்பு அட்டை, அதுல நாலு தா."

"அம்மா, உங்களுக்கு ஆபரேஷன் ஆயிட்டுல்லா, இனி அது ஆகாது."

"பாராசிட்டமால்தானே? எம் மவன் அட்டையைப் படிச்சுப் பாத்தான்."

மகன் படித்தது இரண்டாவது வரியை. அட்டையின் பின்பக்கம் இருந்தது இது: அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. நம் ஊரில் விற்கிற வலி மாத்திரைகளில் நிறைய இப்படிக் கூட்டு மாத்திரைகள்தான். டைக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால், இபுப்ரோஃபெனோடு பாராசிட்டமால் என்று பல ஜோடி. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சன், கீட்டோரோலாக், மெஃபெனமிக் ஆசிட் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பையின் உட்சுவரைக் காக்கிற பொருட்களை உடல் சுரக்கவிடாமல் செய்வது இவற்றின் வேலையோடு சேர்ந்தே வருகிறது. பைபாஸில் பையும் குடலும் சேர்கிற இடத்தில் அது புண்ணாகி, ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். அதனால் பைபாஸ் ஆனவர்களுக்கு இந்தக் குடும்பம் ஆயுசுக்கும் வேண்டாம் என்பதே பொது விதி. ஸ்லீவில் இணைப்பு இல்லாததால் ஆபத்து குறைவு. வேறு வழியில்லாதபோது சில நாட்களுக்கு டாக்டர் எழுதலாம்.

"அப்போ ஊசி போட்டுக்கிடலாமா? வயித்துக்குள்ள போகாதே" என்று அடுத்த கேள்வி வரும். டைக்ளோஃபெனாக் ஊசியும் ரத்தம் வழியாக அதே வேலையைத்தான் செய்யும். இடுப்பில் போட்டாலும் வயிற்றைத் தொடும். "காலையில ஒரு கேஸ் மாத்திரை போட்டா சரியாப் போகுமா" என்பது அதற்கடுத்தது. பான்டோப்ரசோல் ஆபத்தைக் குறைக்கலாம், இல்லாமல் ஆக்காது. அதை நம்பி மாதக்கணக்கில் வலி மாத்திரை போடுவது எனக்குச் சம்மதமில்லை. புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம். பீடி, சிகரெட்டால் மட்டுமே அந்த இடத்தில் புண் வருவதுண்டு.

அப்படியென்றால் எது? முதலில் தனிப் பாராசிட்டமால், கூட்டு எதுவும் இல்லாதது. 650 மி.கி. மாத்திரை என்றால் ஆறு மணி நேர இடைவெளியில் நாளைக்கு நான்குக்கு மேல் போகாமல். கல்லீரல் கொழுப்பு அதிகம் இருந்தவர்கள் அந்த அளவையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தோலில் பூசுகிற ஜெல்லிலிருந்து ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு என்பதால், முட்டுவலிக்கு மாத்திரையைவிட அது எவ்வளவோ மேல். டிரமடால் சீட்டு இருந்தால்தான். தூக்கம், குமட்டல், மலச்சிக்கல் மூன்றும் வரும், மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சேராமலும் போகலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் எழுதியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு. இதய டாக்டரும் ஆபரேஷன் செய்தவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது.

வைத்தியசாலை விஷயத்தையும் சொல்லாமல் விடமுடியாது. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் இருக்கிற மாவட்டம். வர்ம வைத்தியம் தலைமுறையாக நடக்கிற மண். வெளியே தடவுகிற தைலத்தால் இந்த ஆபரேஷனுக்கு ஒரு குறையும் வராது. வயிற்றுத் தையல் ஆறும்வரை அந்தப் பக்கம் உழியாமல் இருந்தால் போதும். உள்ளே போகிறதில்தான் பேதம் உண்டு. அரிஷ்டத்தில் புளித்து உருவாகிற ஆல்கஹால் இருக்கும், பாட்டில் லேபிளிலேயே போட்டிருப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, முக்கியமாகப் பைபாஸில், ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் ஏறும். கூடவே வெல்லமும். என்ன சேர்த்தது என்று எழுதாத பொடியை யார் தந்தாலும் வாங்காதீர்கள்; ஸ்டீராய்டு கலந்திருந்தால் அதுவும் புண்ணுக்கு வழிதான்.

கால்சியம், இரும்பு

கடையில் மலிவாகக் கிடைப்பது கால்சியம் கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும், அமிலம்தான் இப்போது குறைவு. கால்சியம் சிட்ரேட் அமிலம் இல்லாமலும், சாப்பாடு இல்லாமலும் சேரும். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை: பைபாஸ் என்றால் சிட்ரேட், ஸ்லீவ் ஆகி கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சிட்ரேட். ஆனால் லேபிளை முழுக்கப் படியுங்கள். 'கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி.' என்று பெரிதாக எழுதியிருந்தால் அதில் நிஜக் கால்சியம் ஏறக்குறைய 210 மி.கி.தான். கார்பனேட் 1250 மி.கி.யில் 500 மி.கி. கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது சாப்பாட்டையும் சேர்த்து நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி. அதை ஒரே வேளையில் போட்டால் உடம்பு எடுத்துக்கொள்ளாது. ஒரு வேளைக்கு 500, 600க்கு மேல் வேண்டாம். மாத்திரை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமென்றால் நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், மோர் குடியுங்கள்.

இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் நான்கு மணி நேரம். சாயாவும் காப்பியும் இரும்பை விடாது. இவ்வளவையும் ஒரு நாளுக்குள் வைப்பது எப்படி என்று மலைத்துப் போகிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பது இது: விடிகாலை எழுந்ததும் தைராய்டு. பதினொன்றரைக்கு இரும்பு, சீனி போடாத நெல்லிக்காய்ச் சாறோடு. கால்சியம் மதியம் இரண்டரை, மாலை ஆறு, ராத்திரி ஒன்பது. பத்து மணிச் சாயாவுக்கும் நான்கு மணிச் சாயாவுக்கும் இதில் இடமிருக்கிறது. இல்லையென்றால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. தைராய்டு இல்லாதவர்களுக்கு இன்னும் எளிது.

மாதவிலக்கு வருகிற பெண்களுக்கும் பைபாஸ் ஆனவர்களுக்கும் நாளைக்கு 45 முதல் 60 மி.கி. வரை நிஜ இரும்பு தேவை. மாத்திரையால் ஏறவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் நரம்பு வழியாக ஏற்றுவதைத் தள்ளிப்போடவேண்டாம். மாத்திரையையே மாற்றி மாற்றி வாங்கி ஆறு மாதம் கழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வைட்டமின் டி, நாளைக்கு 3000 யூனிட் அளவு. வாரம் ஒருமுறை 60,000 யூனிட் என்பது குறைவு இருப்பவர்களுக்கு, சொல்லிய வாரங்களுக்கு மட்டும்.

'சத்து மாத்திரை' என்று கேட்டு வாங்கிப் போகிற பி காம்ப்ளெக்ஸ் கேப்சூல் மல்டிவைட்டமின் ஆகாது. இரும்பு, வைட்டமின் ஏ, டி எதுவும் அதில் இருக்காது, பி12 பேருக்குத்தான். மிட்டாய்போல் வருகிற கம்மியிலும் பெரும்பாலும் இரும்பு இருக்காது.

பி12: மாத்திரையா ஊசியா?

நாளைக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி. ஒழுங்காகப் போட்டால் இரண்டும் வேலை செய்யும். ஒழுங்காகப் போடுவதுதான் கேள்வி. முதல் வருஷம் எல்லோரும் ஒழுங்கு. இரண்டாம் வருஷம் எடை குறைந்து, ஆள் தெம்பாகி, 'இனி எதுக்கு மாத்திரை' என்று தோன்றும். பி12 குறைவு மெதுவாகத்தான் காட்டும், அதற்குள் கால் விரல்கள் மரத்திருக்கும். மறதிக்காரர்களுக்கு ஊசிதான் என்பது என் கட்சி. மெட்ஃபார்மினும் கேஸ் மாத்திரையும் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவே பி12-ஐக் குறைக்கும் என்பதால் அவர்களுக்கும் ஊசி. மாத்திரையாக வாங்கினால் அதிலும் அட்டையைப் பாருங்கள்: மெத்தில்கோபாலமினோடு பிரீகாபலின் சேர்ந்தது நரம்பு வலிக்கானது, வெறும் பி12-க்காக அதைப் போட்டால் பகலெல்லாம் தூக்கம் வரும், தலை சுற்றும்.

பி1-ஐப் பற்றி ஒரே ஒரு விஷயம், ஆனால் இந்தக் கட்டுரையிலேயே அவசரமானது. ஆபரேஷன் ஆனவருக்குத் தொடர்ந்து வாந்தி இருந்தால், சில வாரங்களிலேயே தயமின் என்கிற பி1 தீர்ந்துவிடும். அப்போது பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனதும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. கூட வந்தவர்கள் இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்: "எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர், வாந்தி இவ்வளவு நாளா இருக்கு." தள்ளாட்டம், இரட்டையாகத் தெரிவது, குழப்பமான பேச்சு இருந்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மாதிரியான பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே.

பழைய சீட்டா, புதுச் சீட்டா?

சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடர்வது பெரிய ஆபத்து. ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடு கைப்பிடி அளவு. சர்க்கரை சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கும். கிளிமிபிரைடும் இன்சுலினும் பழைய அளவில் போனால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில், சாப்பாடு குறைவான நாட்களில் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. பிரஷருக்கான நீர் மாத்திரை, தண்ணீரே குடிக்க முடியாதவரை இன்னும் வற்றவைக்கும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் பட்டியலில் இருக்கிற மாத்திரை பட்டியல்படி வரும். ஆபரேஷன் ஆனதை நீங்கள் சொன்னால்தான் அங்கே தெரியும். மாத்திரை கொண்டுவருகிற அக்கா வீட்டுக்கு வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள், அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பாருங்கள்.

அளவை யார் மாற்றுவது, திருவனந்தபுரத்து சர்ஜனா உள்ளூர் டாக்டரா? என் தேர்வு உள்ளூர் டாக்டர். சர்க்கரையை வாரம் வாரம் பார்த்து அளவைக் குறைக்க அடிக்கடி போகமுடிகிற இடம் வேண்டும். எந்த மருந்து ஆகாது, எந்த வடிவம் ஆகும் என்பதற்குத்தான் சர்ஜன். வார்ஃபரின், வலிப்பு மாத்திரை, லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பேச்சே கிடையாது: ரத்த அளவு பார்த்துப் பார்த்துத்தான், இரண்டு டாக்டரும் சேர்ந்துதான்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் சாப்பிட்டவர்கள் அதையும் கேளுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரோடு போட வேண்டிய மாத்திரை அது. உங்களால் ஒரே மூச்சில் ஒரு தம்ளர் குடிக்க முடியாது. வருஷம் ஒருமுறை நரம்பு வழியாகப் போடுகிற மருந்து இருக்கிறது. பெண்களுக்கு: முதல் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் வேண்டாம் என்பார்கள், எடை குறையும்போது கரு தரிக்கும் வாய்ப்போ கூடும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை முழுக்க நம்பமுடியாது. காப்பர் டி மாதிரி வயிற்றைச் சாராத வழியே மேல்.

இன்னும் ஆபரேஷன் ஆகாமல் ஸ்லீவா பைபாஸா என்று யோசிக்கிறவர்கள், தினம் சாப்பிடுகிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு முதல் கன்சல்டேஷனுக்கே எடுத்துப் போங்கள். முடக்குவாதம் இருந்து வலி மாத்திரை இல்லாமல் முடியாதவர்களுக்கு ஸ்லீவ் பக்கம்தான் சாயும். ரத்த அளவு பார்த்துச் சாப்பிடுகிற மருந்துக்காரர்களுக்கும் பெரும்பாலும் அப்படியே. கடுமையான நெஞ்செரிச்சல் இருக்கிறவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம் என்பதால் பைபாஸ் பக்கம் போகும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால், வாதத்துக்குப் பார்க்கிற டாக்டரிடம் வேறு மருந்துக்கு மாறமுடியுமா என்று முதலில் கேளுங்கள். தேதி குறிப்பதெல்லாம் அப்புறம்.